வழியின் மறுபிறவி: பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பாதைகளின் வரலாறு

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோட்டத்தைக் குறிக்கும், வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டுள் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. முன்னே சென்று பயன்பெற்றவன் பின்னே வருபவனுக்கு வழிகாட்டுவது அவற்றின் பொருள். ஒருவர் நடந்த வழி மற்றவர்க்கும் உரிய பொதுச்செல்வம் என்னும் எண்ணம் அவ்விலக்கிய வகையின் அடியில் உள்ளது. ஒரு தலைமுறை ஒரு நோக்கத்திற்காகச் சமைத்த வழி, அந்நோக்கம் மறைந்த பின்னும் வேறொரு தலைமுறைக்கு வேறு வகையில் பயன்படுவதைப் பிரான்சு நாட்டின் நாட்டுப்புறங்களில் இன்று காண்கிறோம். இயந்திர ஊர்திகள் நுழையாது, மிதிவண்டிப் பயணிகளும் நடந்து செல்வோருமே பயன்கொள்ளும் நெடும்பாதைகள் அங்குப் பல உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற பல, கைவிடப்பட்ட பழைய வழிகளின்மீது அமைந்தவை. அவ்வழிகளைச் சமைத்தவர் யாவர், அவை மாய்ந்தது ஏன், மீண்டது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

நீர்வழி ஈந்த நிலவழி

தென்பிரான்சில் துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலோரத்தையும் இணைப்பது 'மிதி' கால்வாய். பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்றால் நண்பகல், தெற்கு எனப் பொருள்படும். மிதிவண்டிக்குரிய நம் 'மிதி'யோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் இனிய தற்செயல்.

உப்பு வரி தண்டும் உரிமை பெற்றிருந்த பியேர் போல் ரிக்கே என்பவரே இக்கால்வாயைக் கனவு கண்டவர். துலூசில் கரோன் ஆற்றோடு கால்வாயை இணைத்துவிட்டால், கப்பல்கள் ஸ்பெயினைச் சுற்றிச் செல்லாமலேயே அட்லாண்டிக் கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே சரக்குகள் செல்ல வழி பிறக்கும். பதினான்காம் லூயி மன்னர் 1666ஆம் ஆண்டு இதற்கு ஆணை பிறப்பித்தார். இடையில் நின்ற தடை, நோரூஸ் என்னுமிடத்து மேட்டுநிலம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 190 மீட்டர் உயரமுள்ள அம்மேட்டுக்கு நீரைக் கொண்டுவருவது எங்ஙனம்? கருமலை எனப் பொருள்படும் பெயருடைய மலைத்தொடரின் ஓடைகளைத் தடுத்துச் சேன் ஃபெரியோல் என்னுமிடத்தில் பெரியதோர் நீர்த்தேக்கம் அமைத்தார் ரிக்கே. அங்கிருந்து ஓடுகால்கள் வழியே நோரூசுக்கு வந்த நீர், இருபுறமும் பிரிந்து கால்வாயை நிறைத்தது.

ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாயில் ஒருகாலத்தில் பன்னீராயிரம் பேர் பணிபுரிந்தனர் என்பர். அவர்களுள் பெண்கள் பலர். பைரனீஸ் மலைச் சிற்றூர்களில் வழிவழியாக நீரை வாய்க்கால் வழி செலுத்தி வாழ்ந்த உழவர் குடிப் பெண்களின் பட்டறிவு, கால்வாயின் அமைப்புக்குப் பெருந்துணை புரிந்தது என்பதைச் சந்திரா முகர்ஜி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவுகிறார். கல்வெட்டில் மன்னர் பெயரும் வரலாற்றில் ரிக்கேயின் பெயரும் நின்றன. கூடை சுமந்த அப்பெண்களின் பெயர்களை உலகம் அறியவில்லை. ரிக்கே தம் தொழிலாளர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் மழை நாள்களுக்கும் கூட ஊதியம் அளித்தார் என்பது அக்காலத்தில் அரியதொரு செய்தி. தம் செல்வத்தை இப்பணியில் கொட்டிய அவர் 1680இல் மறைந்தார். அடுத்த ஆண்டு கால்வாய் திறக்கப்பட்டது. அவர்தம் குடும்பத்தார்க்குக் கடன்சுமை மட்டும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

கால்வாயின் கரையோரம் அமைந்ததுதான் நம் ஆய்வுக்குரிய பாதை. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச்சென்ற குதிரைகளுக்காகவும் மனிதர்களுக்காகவும் சமைக்கப்பட்ட கரைவழி அது. நீரோ ஒரே மட்டத்தில் நிற்பது; ஆகவே கரைவழியும் ஏற்ற இறக்கமின்றிச் சென்றது. நீர்மட்டத்தைப் படிப்படியாக மாற்றும் கதவடைப்புகள் உள்ள இடங்களில் மட்டுமே பாதை சற்று ஏறி இறங்கும். இன்று மிதிவண்டிப் பயணி மூச்சிரைக்காமல் செல்வதற்குக் காரணம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் குதிரையின் தோள்வலிமையைக் கருதி வகுத்த மட்டமே.

இரும்பு வழியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1857இல் போர்தோ நகரிலிருந்து செத் துறைமுகம் வரை இருப்புப்பாதை முழுமை பெற்றது. மறு ஆண்டே அவ்விருப்புப்பாதைக் குழுமம் கால்வாயை நாற்பதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. போட்டியாளன் கையிலேயே ஒப்படைக்கப்பட்ட கால்வாய் மெலிந்தது. 1898இல் அரசு அதனை மீட்டபோது வாணிகத்தின் பெரும்பகுதி இரும்பு வழிக்குச் சென்றுவிட்டிருந்தது.

இரும்பு வழியின் வெற்றியும் நிலைக்கவில்லை. பொதுப்பணித்துறை அமைச்சர் பிரேசினேயின் திட்டத்தின்படி, சிறு நகரங்களையும் இருப்புப்பாதையால் இணைக்கும் நோக்குடன் 1879இல் ஒரு சட்டம் 181 தடங்களைப் பட்டியலிட்டது. மலையைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் அத்தடங்கள் இடப்பட்டன. உழவர் சந்தைக்குச் செல்லவும் இளைஞர் நகரில் கற்கவும் அவை வாயில்களாயின. ஆனால் பேருந்தும் சரக்குந்தும் பெருகியபின் அவை நட்டம் தருவனவாகக் கருதப்பட்டன. 1938இல் நாட்டு இருப்புப்பாதைகள் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தபோது, பல கிளைத் தடங்களில் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. நிலையங்கள் பூட்டப்பட்டன, முள்மரங்கள் வழியை மூடின.

சாலையை இழந்த மிதிவண்டி

இவ்விடத்து மிதிவண்டியின் வரலாற்றையும் இணைத்துக் காணல் வேண்டும். பந்தயத்தை விடுத்துப் பயணத்தையே நோக்கமாகக் கொண்ட மிதிவண்டிச் செலவைப் பிரான்சில் பரப்பியவர்களுள் தலையாயவர், வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட போல் தெ விவி. சேன் எத்தியேன் நகரினரான இவர் 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். மலையேறுவோர்க்கு உதவும் பல்வேகப் பற்சக்கர அமைப்பை விடாது வற்புறுத்தினார். 1936ஆம் ஆண்டு ஜூன் மாதச் சட்டம் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் கூடிய இரு வார விடுமுறையை வழங்கியது. அவ்வாண்டுக் கோடையில், கடலையே காணாத குடும்பத்தினர் பலர் மிதிவண்டிகளிலும் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் ஊர்ப்புறங்களை நோக்கிப் புறப்பட்டனர். நாட்டுச் சாலை ஏழையின் உல்லாசவெளியாக மாறிய காலம் அது.

அச்சாலையை மோட்டார் வண்டி விரைவில் பறித்துக்கொண்டது. வெலோசியோவே 1930இல் தம் நகரத் தெருவில் டிராம் வண்டி மோதி உயிர்நீத்தார் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. 1972இல் பிரான்சின் சாலை விபத்துகளில் மாண்டோர் தொகை பதினாறாயிரத்தைத் தாண்டியது. மிதிவண்டிப் பயணிக்குச் சாலையில் இடமில்லை என்னும் நிலை உருவாயிற்று. ஒருபுறம் வழியை இழந்த பயணி. மறுபுறம் பயணியை இழந்த வழி. இவ்விரு இழப்புகளும் ஒன்றையொன்று சந்தித்ததன் விளைவே இன்றைய பாதைகள்.

பசுமை வழி

பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்னும் ஊரிலிருந்து குளூனி வரை இருந்த பழைய இருப்புப்பாதைத் தடம், 1997இல் 44 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையாகத் திறக்கப்பட்டது. இவ்வகையில் பிரான்சின் முன்னோடி இதுவே. திராட்சைத் தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்லும் இப்பாதை, நீராவி எஞ்சின் இழுக்கத்தக்க மென்சரிவிலேயே அமைந்தது. ஆதலின் சிறுவரும் முதியோரும் எளிதில் செல்லலாம். குளூனிக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பழைய குகைவழி ஒன்றும் பின்னர்ப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. வௌவால்கள் அங்கே குளிர்கால உறக்கம் கொள்வதால், அப்பருவத்தில் மட்டும் அதனை மூடிவிடுகின்றனர். புகைவண்டி விட்டுச்சென்ற இடத்தில் பயணியும் வௌவாலும் முறைவைத்து வாழ்கின்றனர்.

இயந்திர ஊர்திகளுக்கு இடமில்லாத இவ்வழிகளுக்குப் 'பசுமை வழி' எனப் பொருள்படும் பெயர் வழங்கி, 2004இல் அரசாணை ஒன்று அவற்றைப் போக்குவரத்துச் சட்டத்துள் சேர்த்தது. மிதி கால்வாயின் கரைவழியும் இன்று நெடும்பயண மிதிவண்டித் தடங்களுள் ஒன்று. எனினும் அது குறையற்றதன்று. துலூசை அடுத்த பகுதி செப்பமானது. கிழக்கே செல்லச் செல்ல மண்ணும் மரவேரும் வண்டியைக் குலுக்கும். கால்வாய்க்கு நிழல் தந்த ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்களில் 2006 முதல் பூஞ்சை நோய் பரவி, ஆயிரக்கணக்கானவை வெட்டப்பட்டன. வேறு இன மரங்கள் நடப்பட்டு வருகின்றன. வழியைப் பெறுவதோடு கடமை முடிவதில்லை; பேணுதல் தலைமுறைதோறும் தொடரும் பணி.

குளூனி காட்டும் பாடம்

முன்னோடிப் பாதை சென்றுசேர்ந்த குளூனி நகரே நமக்கு ஒரு பாடத்தைக் கூறுகிறது. 910இல் தோன்றிய அங்குள்ள துறவிமடத்தின் பேராலயம், ரோம் நகரத்துப் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகின் மிகப்பெரிய ஆலயமாகத் திகழ்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் 1798இல் அது விற்கப்பட்டது. வாங்கியோர் கல் கல்லாகப் பெயர்த்து விற்றனர். இன்று எஞ்சியிருப்பது அதன் சிறு பகுதியே. அதே நகருக்கு வந்த இருப்புப்பாதையும் பயனற்றுப்போனது. ஆனால் அதன் நிலம் துண்டாடப்படாமல் தொடர்ச்சியாக நின்றது. துண்டாடப்பட்டது மீளவில்லை, தொடர்ச்சி காத்தது மீண்டது.

ஒரு வழியில் இருபது முழம் தனியார் வேலிக்குள் சென்றால், எஞ்சிய நாற்பது கிலோமீட்டரும் வழி என்னும் தகுதியை இழந்துவிடும். இன்று பயனில்லை என்று ஒரு பொதுவழியை விற்பவர், நாளை அதனால் பயன்பெறக்கூடிய எவரையும் கேட்டு விற்பதில்லை.

இம்மறுபிறவியை மிகைபடப் போற்றுவதும் முறையன்று. புகைவண்டியால் சந்தைக்குச் சென்ற மூதாட்டிக்குப் பசுமை வழி ஈடாகாது. விடுமுறைப் பயணியின் இன்பம், ஊரார் இழந்த ஊர்தியின்மீது எழுந்தது என்பதை மறத்தல் தகாது. ஆயினும் முற்றும் இழப்பதினும் வழியையேனும் காப்பது மேல். தண்டவாளம் மீண்டும் வேண்டப்படுமாயின், அதற்குரிய நிலமும் அங்கே தொடர்ந்து நிற்கும்.

கால்வாய்க் கரையில் கூடை சுமந்த பெண்களும் குகை குடைந்த தொழிலாளரும் மிதிவண்டியைக் கனவிலும் கண்டதில்லை. தாம் அறியாத பயணிக்காக அவர்கள் பாதையைச் சமன்செய்து சென்றனர். பத்தாண்டுகளாக இலக்கிய வழியைப் பேணிவரும் நம் வட்டத்தின் மலரில் அவர்களை நினைவுகூர்வது பொருத்தமே. நமக்குப்பின் இவ்வழியில் எவர் எவ்வாறு வருவர் என்பதை நாமும் அறியோம். வழி அறுபடாமல் காப்பது நம் கடன்.