புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்: எழுத்தும் மிதிவண்டியும்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்பது 1991-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கப்பட்ட முழு எழுத்தறிவு இயக்கம் ஆகும். பள்ளி வயதைக் கடந்த பல்லாயிரம் பேர் இதன் வழியே எழுதப் படிக்கக் கற்றனர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்ததால் இது நாடெங்கும் கவனம் பெற்றது. வளர்ந்தவர்கள் எந்தச் சூழலில் மீண்டும் கற்க முன்வருகிறார்கள் என்பதை அறிய இதன் வரலாறு உதவுகிறது.

பின்னணி

இந்திய அரசு 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மையத்துக்குச் சுமார் 30 பேர், அவர்களுக்கு மதிப்பூதியம் பெறும் ஓர் ஆசிரியர் என்பது அதன் அமைப்பு. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் உருவானது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் தன்னார்வலர்களைத் திரட்டி, 1990-இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே காலத்தில் கற்கும் இந்த முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் இது அறிவொளி இயக்கம் என்ற பெயரைப் பெற்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இதில் பெரும்பங்கு ஆற்றினர்.

கற்பித்த முறை

கற்பவர்கள் பகலில் வயலுக்கும் கல்குவாரிக்கும் செல்பவர்கள். ஆகவே வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடைபெற்றன. ஊதியம் பெறாத தொண்டர்கள் பாடம் நடத்தினர். மூன்று பகுதிகள் கொண்ட பாடநூல்களைச் சுமார் 200 மணி நேரத்தில் முடிப்பது நாடு முழுவதும் பின்பற்றப்பட்ட திட்டம். கலைப்பயணக் குழுக்கள் பாட்டும் வீதி நாடகமும் நடத்தி மக்களை வகுப்புக்கு அழைத்தன. கைநாட்டு வைத்தவர் கையெழுத்திடுவதும், கூலிக் கணக்கைத் தாமே சரிபார்ப்பதும் கற்பதன் உடனடிப் பயன்களாக இருந்தன.

மிதிவண்டிப் பயிற்சி

அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், உள்ளூர்களில் வாழும் பெண்களை எழுத்தறிவு சென்றடையப் பெண் தொண்டர்கள் தேவை எனக் கருதினார். ஆனால் அவர்கள் ஊர் ஊராகச் செல்வதற்குப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அல்லது வீட்டு ஆண்களை நம்பியிருக்க வேண்டும். தனியே வெளியே செல்ல இயலாமை பெண்களின் தன்னம்பிக்கையையும் குறைத்தது. எனவே மிதிவண்டிப் பயிற்சி இயக்கத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார்.

தொடக்கத்தில் மிதிவண்டி ஓட்டிய பெண்கள் ஏளனத்தையும் இழிசொற்களையும் சந்தித்தனர். அரசும் இயக்கமும் வெளிப்படையாகத் துணை நின்றதாலும், ஓர் ஊரில் பலர் சேர்ந்து கற்றதாலும் அந்த எதிர்ப்பு மெல்லத் தணிந்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்கள் ஓட்டும் வண்டிகளிலேயே பழகினர். அவற்றின் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அவற்றையே விரும்பினர். 1992-ஆம் ஆண்டு பன்னாட்டு மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி நடத்தினர்.

விளைவுகள்

தண்ணீர் எடுத்து வருதல், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல், பிள்ளைகளைப் பள்ளியில் விடுதல் ஆகிய வேலைகளுக்கு ஆகும் நேரம் குறைந்தது. மிச்சமான நேரத்தில் ஓய்வெடுக்கவும் கூடுதலாக வருவாய் ஈட்டவும் முடிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990-களில் இம்மாவட்டத்துக்குச் சென்று எழுதிய கட்டுரை, 1996-இல் வெளியான அவரது நூலில் இடம்பெற்றது. பின்னர் அது பள்ளிப் பாடநூல்களையும் எட்டியது.

வரம்புகள்

எழுத்தறிவைப் பயன்படுத்தாவிட்டால் மறந்துபோகும் என்பது முழு எழுத்தறிவு இயக்கங்கள் அனைத்தும் சந்தித்த சிக்கல். முதற்கட்டத்தின் வேகம் அடங்கியதும் தொண்டர்கள் தத்தம் வாழ்க்கைக்குத் திரும்பினர். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு ஏற்ற எளிய நூல்களும் வாசக சாலைகளும் தொடர்ந்து கிடைத்தால்தான் கற்ற எழுத்து கையில் நிற்கும். மிதிவண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது அன்றாட வேலையோடு இணைந்திருந்ததால் பழக்கம் விட்டுப்போக வாய்ப்பு குறைவு.

முக்கியத்துவம்

கற்பது நாள்தோறும் பயன்பட வேண்டும். உடன் கற்க அக்கம்பக்கத்தார் இருக்க வேண்டும். கற்கும்போது எழும் கேலியைத் தாங்கத் துணை வேண்டும். இவை மூன்றும் கூடிய இடத்தில், வீட்டுப் பொறுப்பும் கூலி வேலையும் சுமந்த பெண்கள் நடுவயதிலும் புதிய திறனைக் கற்றனர் என்பதே புதுக்கோட்டை காட்டும் பாடம். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களையே நம்பி நடைபெறுவதால், இந்த அனுபவம் இன்றும் பொருத்தமுடையதாக உள்ளது.