நிலாவுல ஒரு ரூம் வாடகைக்கு... ஆனா, டீ சூடா கிடைக்காது!

வேலைக்காகப் புது ஊருக்குப் போறீங்க. முதல்ல என்ன விசாரிப்பீங்க? ரூம் வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, பாத்ரூம் தனியா, பொதுவா... இதைத்தானே? சரி, அந்தப் புது ஊர் நிலாவா இருந்தா?

நிலாவில் மனிதர்கள் குடியேறும் கதைகள் சயின்ஸ் ஃபிக்‌ஷனில் ஏராளம். அதில் ராக்கெட்டைவிட வாடகையைப் பற்றி அதிகம் கவலைப்படும் கதை, ஆண்டி வியர் எழுதிய 'ஆர்ட்டெமிஸ்'. செவ்வாய்ல உருளைக்கிழங்கு பயிரிட்ட ஹீரோவை 'தி மார்ஷியன்' படத்துல பார்த்திருப்பீங்களே, அந்தக் கதையை எழுதினவர்தான். 2017-ல் வெளிவந்த இந்த நாவல் நடப்பது 2080-களில். அங்கே இருக்கும் நகரத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். க்ளைமாக்ஸைச் சொல்ல மாட்டேன், தைரியமா படிங்க!

ஊர் எங்கே இருக்கு?

அப்போலோ 11 இறங்கிய இடத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில். அந்த இடத்தைப் பார்க்க வரும் டூரிஸ்ட்டுகள்தான் ஊருக்கு முக்கிய வருமானம். மொத்த மக்கள்தொகை 2,000. நம்ம ஊர்ல ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்லயே அவ்வளவு பேர் இருப்பாங்க.

ஐந்து பெரிய உருண்டைகள், ஒவ்வொன்றும் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், கான்ராட், பீன், ஷெப்பர்ட் என்று நிலாவில் நடந்த முதல் ஐந்து பேரின் பெயர்களையே அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். சுவர் இரட்டை அலுமினியத் தகடு, நடுவில் ஒரு மீட்டர் கனத்துக்கு நொறுக்கிய நிலாப் பாறை.

இதைக் கட்டியது அமெரிக்காவோ ரஷ்யாவோ இல்லை, கென்யா! பூமத்திய ரேகை கென்யா வழியாகப் போகிறது. அங்கிருந்து ராக்கெட் ஏவினால் பூமி சுழலும் வேகம் கூடுதலாகக் கைகொடுக்கும், எரிபொருள் மிச்சம். கதையில் கென்யாவின் நிதி அமைச்சர் இதை வைத்தே விண்வெளி நிறுவனங்களைத் தன் நாட்டுக்கு இழுக்கிறார். அதனால் ஆர்ட்டெமிஸ் கடிகாரமும் நைரோபி நேரத்தில்தான் ஓடுகிறது. நமக்கு ராத்திரி 9 மணின்னா அங்கே சாயங்காலம் 6.30.

டீ ஏன் ஆறிப்போச்சு?

நாம சுவாசிக்கிற காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். ஆர்ட்டெமிஸில் நைட்ரஜனே கிடையாது. ஆக்சிஜன் மட்டும், அதுவும் பூமியின் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தில். நுரையீரலுக்கு அது போதும், சுவருக்கும் பாரம் குறைவு. அப்போலோ விண்கலங்களும் விண்வெளியில் அழுத்தம் குறைந்த ஆக்சிஜனோடுதான் பறந்தன.

ஆனா, அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆர்ட்டெமிஸில் 61 டிகிரியிலேயே கொதி வந்துவிடுகிறது. அதுக்கு மேல சூடு ஏறாது. டீ, காபி எதுவா இருந்தாலும் இந்த வெதுவெதுப்புதான்.

டீயைக்கூடப் பொறுத்துக்கலாம். தீப்பிடித்தால்? 1967 ஜனவரியில் தரையில் நடந்த அப்போலோ 1 ஒத்திகையில், ஆக்சிஜன் நிரம்பிய கேபினில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தது நிஜம். நாவலில் ஊரே அந்தப் பயத்தோடுதான் வாழ்கிறது.

ஜாஸோட ரூம் டூர்

கதையின் நாயகி ஜாஸ் பஷாரா, வயது 26. சவுதி அரேபியாவில் பிறந்து, ஆறு வயதில் வெல்டரான அப்பாவோடு நிலாவுக்கு வந்தவள். பார்சல் தூக்குவது வேலை, கடத்தல் சைடு பிசினஸ். அவள் வீடு, படுக்க மட்டும் இடமுள்ள ஒரு பெட்டி. அதை ஊர்க்காரர்களே 'சவப்பெட்டி'ன்னுதான் கூப்பிடுறாங்க. பாத்ரூம் எல்லாருக்கும் பொது. சாப்பாடு, பாசியைக் காயவைத்து ஃப்ளேவர் சேர்த்த 'கங்க்'. நல்ல சாப்பாடு பூமியிலிருந்து வரணும், அது பணக்காரர்களுக்கு.

செலவுக்கு 'ஸ்லக்'. பூமியிலிருந்து ஒரு கிராம் எடையை நிலாவுக்குக் கொண்டுவந்து இறக்கித் தருவதற்கான கிரெடிட் இது. அதாவது, அந்த ஊர்ப் பணமே கொரியர் சார்ஜ்தான்!

முன்னேற ஒரே வழி, ஸ்பேஸ் சூட் போட்டு டூரிஸ்ட்டுகளை வெளியே கூட்டிப்போகும் கைடு வேலை. அதற்குச் சங்கத்தின் தேர்வில் பாஸாக வேண்டும். ஜாஸ் வாங்கியிருப்பது செகண்ட் ஹேண்ட் சூட். தேர்வு நடக்கும்போதே அதில் லீக். ஃபெயில்!

காற்று யார் கையில்?

நிலாப் பாறையில் அனார்த்தைட் என்ற கனிமம் ஏராளமாக இருக்கிறது. அதை உருக்கிப் பிரித்தால் அலுமினியம், சிலிக்கன், கால்சியம், கூடவே ஆக்சிஜன். இது நிஜ வேதியியல். நாவலில் ஓர் அலுமினிய நிறுவனம் நகரத்துக்கு ஆக்சிஜன் தருகிறது, பதிலுக்கு இலவச மின்சாரம் வாங்கிக்கொள்கிறது. அந்த ஒப்பந்தத்தைக் கைப்பற்ற நினைக்கிறார் ட்ரோண்ட் என்ற நார்வே கோடீஸ்வரர். அதற்கான நாசவேலைக்கு அவர் கூப்பிடுவது, பணத்தேவையில் இருக்கும் ஜாஸை. காற்று யார் கையில் இருக்கோ ஊரே அவங்க கையிலதான்னு அவருக்குத் தெரியும்.

ஆனா, அவரும் வெறும் வில்லன் இல்லை. விபத்தில் கால்கள் செயலிழந்த அவர் மகள், பூமியில் வீல்சேர் இல்லாமல் நகர முடியாது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால், ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாள். அதற்காகவே இங்கே குடியேறிய அப்பா அவர்.

மாட்டிக்கொண்டால் ஜாஸுக்கு என்ன தண்டனை? பூமிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆறு வயசுல விட்டுவந்த, ஞாபகத்துலயே இல்லாத நாட்டுக்கு. அங்கே அவள் உடம்பு ஆறு மடங்கு கனக்கும். பிழைக்கப்போன ஊரே சொந்த ஊரான எவருக்கும் அந்தப் பயம் புரியும்.

இது வெறும் கதையா?

1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா, அங்கிருந்து வெட்டியெடுக்கும் கனிமம்? அதை எடுத்துப் பயன்படுத்துவது நிலாவைச் சொந்தம் கொண்டாடுவது ஆகாது என்கிறது அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை. 2023 ஜூனில் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. நாவல் வெளிவந்து இரண்டு வருடம் கழித்து, 2019-ல் நாசா தன் நிலவுத் திட்டத்துக்கு வைத்த பெயரும் ஆர்ட்டெமிஸ்தான். கிரேக்கப் புராணத்தில் அப்போலோவின் இரட்டைச் சகோதரி அவள்.

அடுத்த முறை ரீல்ஸில் பளபளக்கும் நிலா நகரம் வந்தா, ராக்கெட்டை ரசிச்சுட்டு இன்னும் ரெண்டு விஷயத்தையும் யோசிச்சுப் பாருங்க. அங்கே ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறவங்க எங்கே தூங்குவாங்க? சம்பளம் ஒரு மாசம் லேட்டானா, அவங்க மூச்சுக்காற்றுக்கு யார் பொறுப்பு?

இதுக்குப் பதில் கிடைச்சா, ரூம் புக் பண்ணலாம். டீக்கு அப்புறம் ஏதாவது வழி பண்ணிக்கலாம்!