எலிமினேட்டர்: ஒரு ஜப்பானிய க்ரூஸர் நம் சாலைக்கு வந்த வரலாறு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, வழக்கம்போல் நான் சீவக சிந்தாமணியைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். திருத்தக்கதேவர் தம் காப்பியத்தின் முதல் இலம்பகத்திலேயே மயிற்பொறி என்றொரு வண்டியைப் பறக்கவிட்டவர். சச்சந்தன் தன் கருவுற்ற அரசியைக் காப்பாற்றியது அந்தப் பொறியால்தான். ஆகவே வண்டி என்பது தமிழ் ஏட்டில் ஏறக்கூடாத பொருள் அல்ல என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன்.

எனக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தாராவி 90 அடி சாலையில் நான் ரெக்சினும் ஃபோமும் விற்பவன். தோலுக்குப் பெயர்போன ஊரில் தோலைத் தொடாத கடை என்னுடையது. வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை வேறு எதை விற்பான்? சீட் தைக்கிறவர்கள் என்னிடம்தான் ரெக்சின் வாங்குவார்கள். அந்தச் சீட்டுகளின் வழியாகத்தான் எலிமினேட்டர் என்ற வண்டி என் கண்ணில் பட்டது. பிறகு அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, ஒரு வண்டியின் கதையாக இல்லாமல் மூன்று நாடுகளின் கதையாக அது விரிந்தது.

முதலில் க்ரூஸர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சாதாரண வண்டியில் நாம் சற்று முன்னால் சாய்ந்து, கால்களை முழங்காலுக்குக் கீழே நேராக வைத்து உட்காருகிறோம். க்ரூஸரில் இருக்கை தாழ்ந்திருக்கும். கைப்பிடி உயர்ந்து நம்மை நோக்கி வரும். கால்கள் முன்னால் நீளும். முன் சக்கரம் சாய்வாகத் தள்ளி நிற்கும், பின் சக்கரம் சிறிதாய், தடித்து இருக்கும். வேகமாக வளைவதற்கு இந்த அமைப்பு உதவாது. நீண்ட நேரான சாலையில் மணிக்கணக்காக அலுப்பில்லாமல் போவதற்கு ஏற்பட்டது. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் இதற்கு மூலவர் எனலாம்.

ஜப்பானியர் இதை எங்கே கற்றார்கள் என்பது சுவையான செய்தி. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, 1930-களில், சாங்க்யோ என்ற நிறுவனம் ஹார்லியிடம் முறைப்படி உரிமம் வாங்கி டோக்கியோவின் சினகாவாவில் அந்த வண்டியைச் செய்தது. அதற்கு ரிக்குவோ என்று பெயர் வைத்தார்கள். தரையின் அரசன் என்று பொருள். போருக்குப் பின் வந்த ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி ஆகிய நான்கும் சிறிய வண்டிகளில் தொடங்கிப் பெரியவற்றுக்கு ஏறின. 1969-இல் ஹோண்டாவின் சிபி 750, 1972-இல் கவாசாகியின் 903 சிசி இசட் 1 என்று நான்கு சிலிண்டர் வண்டிகள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தன. கவாசாகி அங்கேயே நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் தொழிற்சாலை போட்டது. 1976-இல் அங்கே செய்த கேஇசட் 900 எல்டிடி என்ற வண்டிக்குப் படிவைத்த இருக்கையும் உயர்ந்த கைப்பிடியும் இருந்தன. அதாவது, அமெரிக்கர் தம் கொட்டகைகளில் தாமே வெட்டி ஒட்டிச் செய்துகொண்டதைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது.

ஹார்லி திணறிப்போனது. 1983 ஏப்ரலில் அதிபர் ரேகன் 700 சிசிக்கு மேற்பட்ட அயல்நாட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு இறக்குமதி வரியை 4.4 விழுக்காட்டிலிருந்து 49.4 விழுக்காடாக ஏற்றினார். ஆண்டுக்காண்டு குறையும்படி ஐந்தாண்டுக்கான ஏற்பாடு அது. ஜப்பானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? 750 சிசி வண்டிகளின் கொள்ளளவைக் குறைத்து 699 சிசி ஆக்கி அனுப்பினார்கள்! வியாபாரியாகிய எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஹார்லியும் சும்மா இருக்கவில்லை. தரத்தைத் திருத்திக்கொண்டு, 1987-இல் இனி இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1985-இல் கவாசாகி இசட்எல் 900 எலிமினேட்டரை வெளியிட்டது. நின்ஜா என்று புகழ்பெற்ற ஜிபிஇசட் 900 ஆர் வண்டியின் 908 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, தண்ணீரால் குளிரும் இன்ஜின். சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட். அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்று நேர்கோட்டில் கால் மைல் ஓட்டும் பந்தயம் உண்டு. தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. எதிராளியை வெளியேற்றுபவன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஹார்லியை அப்படியே நகல் எடுக்காமல், தாழ்ந்த நீண்ட உடலுக்குள் பந்தயக் குதிரையைக் கட்டிவைத்தது கவாசாகியின் தனித்தன்மை. பிறகு 600, 1000, 250 என்று அந்தப் பெயரில் ஒரு குடும்பமே வளர்ந்தது. 1990-களின் இறுதியில் வந்த கடைக்குட்டி 125 சிசி. நம் கதைக்கு வேண்டியது அந்தக் கடைக்குட்டியின் வழி வந்ததுதான்.

இங்கே நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உருவானது. மைசூரில் ஜாவா. மற்றபடி நடுத்தரக் குடும்பம் என்றால் பஜாஜ் ஸ்கூட்டர்தான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மாட்டுங்காவில் பெண் பார்க்க வந்த இடத்தில் 'பையனுக்கு ஸ்கூட்டர் அலாட் ஆகியிருக்கா?' என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். 1980-களில் அரசு கதவைத் திறந்தது. ஓசூரில் டிவிஎஸ் குழுமத்தோடு சுஸுகி, ஹீரோவோடு ஹோண்டா, எஸ்கார்ட்ஸோடு யமஹா, புனே அக்குர்டியில் பஜாஜோடு கவாசாகி என்று நான்கு ஜப்பானியரும் நம் வீட்டுக்குள் வந்தார்கள். 1986-இல் கவாசாகி பஜாஜ் கேபி 100, அதன்பின் 4எஸ், கேலிபர், பாக்ஸர் என்று வண்டிகள் வந்தன. எல்லாம் பால்காரரும் குமாஸ்தாவும் ஓட்டுகிற, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டு வாங்குகிற வண்டிகள். நல்ல வண்டிகளும்கூட.

அப்படிப்பட்ட பஜாஜ் 2001 ஜனவரியில் கவாசாகி பஜாஜ் எலிமினேட்டரை இறக்கியது. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் 175 சிசி இன்ஜின், சுமார் 15 குதிரைத்திறன்; முன்னே டிஸ்க் பிரேக், 17 அங்குலச் சக்கரம்; பின்னே 15 அங்குலத் தடித்த சக்கரம். தெருவில் ஓடிய 100 சிசி வண்டிகளின் திறன் ஏழு, எட்டுதான். கண்ணீர்த்துளி வடிவில் டேங்க், எங்கும் குரோம் பளபளப்பு. இன்ஜின் அதிராமல், சத்தம் போடாமல் ஓடியது. புல்லட்டின் தடதடப்பைக் கேட்டுப் பழகியவர்கள் 'வண்டி ஓடுதா, நின்னுடுச்சா?' என்று குனிந்து பார்த்தார்கள். எங்கள் தெருவில் முதல் எலிமினேட்டர் வந்து நின்ற அன்று, எதிர்க்கடைப் பெரியவர் அதைச் சுற்றி வந்துவிட்டு, 'வண்டி இல்லைய்யா, சாய்வு நாற்காலி' என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

சீட்டைப் பற்றி என் தொழிலுக்குரிய இரண்டு வார்த்தை. சாதாரண வண்டிச் சீட் பலகை மாதிரி. ஒரே துண்டு ரெக்சினை இழுத்துப் பிடித்து அடியில் ஸ்டேப்பிள் அடித்தால் முடிந்தது. க்ரூஸர் சீட்டில் ஓட்டுபவர் பள்ளத்தில், பின்னாலிருப்பவர் மேட்டில். உடம்பின் பாரம் கால்களில் பகிரப்படாமல் பெரும்பகுதி இடுப்பின் கீழ் விழுகிறது. எனவே ஃபோம் மெத்தென்று இருந்தால் அரை மணியில் அமுங்கிக் கட்டை இடிக்கும். அழுத்தமான ஃபோம் வேண்டும். பள்ளத்தில் சுருக்கம் விழாமலிருக்க ரெக்சினைத் துண்டுகளாக வெட்டிப் பைப்பிங் வைத்துத் தைக்க வேண்டும். தாராவியில் தோல் பை தைத்துப் பழகிய நெல்லைச் சீமைக் கைகளுக்கு அது எளிதாக வந்தது. இந்தக் கைகளின் வரலாற்றை எந்தக் கம்பெனியும் எழுதாது என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் வண்டி ஏன் விற்கவில்லை? விலை. சாதாரண 100 சிசி வண்டியைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பு. அந்தப் பணத்தில் தங்கை கல்யாணத்துக்குப் பவுன் எடுக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள், சொன்னார்கள். இன்னொரு காரணம் வெளியிலிருந்து வரவில்லை, அதே வீட்டில் பிறந்தது. 2001 நவம்பரில் பஜாஜ் தானே வடிவமைத்த பல்சரை 150, 180 சிசிகளில் வெளியிட்டது. எலிமினேட்டருக்கு நிகரான திறன், மிகக் குறைந்த விலை. பத்து மாதம் இளைய தம்பி அண்ணனின் சோற்றைச் சாப்பிட்டுவிட்டான்.

ஆனால் கதை முடியவில்லை. 2005-இல் பஜாஜ் ஒரு காரியம் செய்தது. எலிமினேட்டரின் உருவத்தை வைத்துக்கொண்டு, கவாசாகி இன்ஜினுக்குப் பதில் பல்சரின் 180 சிசி இன்ஜினைப் பொருத்தி, விலையை வெகுவாகக் குறைத்து, அவெஞ்சர் என்று பெயரிட்டது. திறன் 16.5 குதிரை, மூத்ததைவிடக் கூடுதலே. 2007-இல் 200 சிசி, 2010-இல் 220 சிசி என்று இன்ஜின் மாறிக்கொண்டே போனது. உருவம் பெரிதாக மாறவில்லை. கடவுளைப்போல் உணருங்கள் என்று விளம்பரம் வேறு. எங்கள் கடவுளர் அசையாமல் அமர்ந்திருப்பவர்கள் ஆயிற்றே என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

எலிமினேட்டர் வைத்திருந்த பழைய ஆட்கள் அவெஞ்சரைப் போலி என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. 2012 வாக்கில் சயான் கோலிவாடாவிலிருந்து லிஃப்ட் வேலை பார்க்கும் நெல்லைத் தம்பி ஒருவர் சீட் மாற்ற வந்தார். பழைய எலிமினேட்டரை ஆசையாக வாங்கியவர். இன்ஜின் புகைய ஆரம்பித்துவிட்டது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. பல்சர் இன்ஜினைப் போட்டுவிடு என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். 'அண்ணாச்சி, இன்ஜினை மாத்திட்டா அது எலிமினேட்டராத்தான் இருக்குமா?' என்று என்னிடம் கேட்டார். ரிஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தனித்தனியாக இருக்கின்றன, மாற்றினால் ஆர்டிஓவில் காட்டிப் பதிய வேண்டும், அரசாங்கமே இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை தம்பி என்றேன். அவர் கேட்டது சட்டம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் போலி என்று பார்த்தால் கவாசாகியின் எலிமினேட்டரே நின்ஜாவின் இன்ஜினை வேறு உடலில் வைத்ததுதானே? பஜாஜ் செய்தது கவாசாகியிடம் கற்ற அதே வித்தைதான். அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் மனம் ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் குர்லா சிஎஸ்டி ரோட்டில் கழித்த வண்டிகளுக்கிடையே தேடி, பல மாதம் கழித்துப் பிஸ்டனும் சிலிண்டரும் கிடைத்து, பழைய இன்ஜினையே உயிர்ப்பித்தார். அதுவரை ரயிலில்தான் வேலைக்குப் போனார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நம் மும்பைவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. க்ரூஸருக்கு வேண்டியது நீண்ட நேரான சாலை. அப்படியொரு சாலை, மும்பைக்கும் புனேவுக்கும் இடையே 94.5 கிலோமீட்டர், ஆறு வழித்தட எக்ஸ்பிரஸ்வே, 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. எலிமினேட்டர் சந்தையில் இருந்த காலம். இருசக்கர வண்டிகளுக்கு அதில் அனுமதி கிடையாது! எனவே செம்பூரிலிருந்து கிளம்பும் க்ரூஸர்காரர் வாஷி பாலம் தாண்டி, பன்வேல், கோபோலி வழியாகப் போர்காட் வளைவுகளில் லாரிகளோடு உரசி, பழைய சாலையில்தான் லோனாவாலா போக வேண்டும். வளைவுக்கு ஆகாத வண்டிக்கு வாய்த்தது வளைவுச் சாலை. பஜாஜின் அக்குர்டி இருப்பதும் அந்தப் பழைய சாலையின் ஓரத்தில்தான்.

பஜாஜ்-கவாசாகி கூட்டு 2017 ஏப்ரலோடு இந்தியாவில் முடிவுக்கு வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த உறவு, பெரிய சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். கவாசாகி தன் இந்தியக் கிளை வழியாகத் தானே விற்கத் தொடங்கியது. 2023-இல் ஜப்பானில் 400 சிசி எலிமினேட்டராகப் பழைய பெயருக்கு மறுபிறப்பு. 2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் எலிமினேட்டர் 500 வந்தது: 451 சிசி, இரட்டைச் சிலிண்டர், 45 குதிரைத்திறன், தரையிலிருந்து இருக்கை 735 மில்லிமீட்டர் உயரம், அறிமுக விலை 5 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். இம்முறை உள்ளே இருப்பது முழுக்கக் கவாசாகியின் இன்ஜின். அதன் இருக்கையும் படிவைத்ததுதான். எந்த அழுத்தத்து ஃபோம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. தையல் பிரிந்து ஒன்று கடைக்கு வரட்டும், பார்த்துவிடுகிறேன்.