அம்பாசடர் இன்ஜின்: போரிங்கா, வேற இன்ஜினா?

கெணத்து மோட்டார் எரிஞ்சா காயில் கட்டித்தான் ஓட்டுறோம், உடனே புதுசு வாங்குறதில்லைங்க. அம்பாசடரும் அப்படித்தான் வாழ்ந்தது.

எங்க மேச்சேரிப் பக்கம் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த வண்டிதான். 1958-ல் மேற்கு வங்க உத்தர்பாராவில் வந்தது. பிறகு வந்த 1489 சிசி இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் லேத் பட்டறையில் போரிங் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் மாட்டிடலாம். 1992-ல் இசுசு இன்ஜின் வந்தது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜின் ஏத்தினவங்களும் உண்டு, அதை ஆர்.சி. புக்கில் பதியணும்.

2014-ல் உற்பத்தியே நின்னுபோச்சு. இனி கழட்டிப் போடுற பழைய பிளாக் திரும்பக் கிடைக்காது. அதனால் என் கணக்கு இதுதான்: கடைசி சைஸ் வரை போரிங், அப்புறம் லைனர். பிளாக் சரிசெய்ய முடியாதபடி வெடிச்சா மட்டும் வேற இன்ஜின்.