கல்வெட்டும் அறக்கட்டளைப் பத்திரமும்

போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயத்து நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வணிகர் ஒருவரின் மனைவி அளித்ததை முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. கொடுத்தவர், தொகை, நோக்கம் யாவும் ஐயமறப் பொறிக்கப்பட்டன.

இன்று கல்லின் இடத்தில் பத்திரம் நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டமே எல்லா அறங்களையும் காக்கும் என நம்மவருள் பலர் எண்ணுவர். அச்சட்டமோ பொது அறங்களைத் தன் முதற்பிரிவிலேயே விலக்கிவிட்டது. ஆகவே பொது அறத்துக்குப் பத்திர வாசகமே பெருந்துணை. அறங்காவலர் மறைந்தபின் அடுத்தவர் யார் என எழுதாது விட்டால், பூசல் முற்றி, 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றமே நிருவாகத் திட்டம் வகுக்க நேரலாம். சார்பதிவாளரிடம் செல்லுமுன் தேர்ந்த வழக்கறிஞர் முதற்கண் வினவுவதும் இதனையே.