கடலகத்துத் தோட்டமும் அதன் கன்மதிலும்

தோட்டம் வைப்பார் முதற்கண் மதிலெடுப்பர். மதில் சரியின் தோட்டம் நில்லாது. இவ்வுண்மையைத் தூத்துக்குடிக் கடல் இனிது காட்டும்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் கரையை ஒட்டி நிரல்பட அமைந்தன. அவற்றைச் சூழ்ந்து நீரடியிற் கிடப்பன முருகைக்கற் பாறைகள். மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தை வாங்கித் தமக்கு உறையாக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாய் எழுப்பிய மதில் அஃது. வெளிக்கடலின் அலை அதன்மேல் மோதி வலிகுன்றிய பின்னரே தீவையும் கரையையும் அடையும். அதன் காவலிற் கடற்புல் தழைக்கும்; கடற்பசு மேயும்; மீனினம் பெருகும்.

கொற்கை நாள்தொட்டு இக்கரையின் புகழ் முத்தால் விளங்கிற்று. முத்துச்சிப்பியை அரசினர் ஆய்ந்து, முதிர்ந்தமை கண்ட பின்னரே குளிக்க விடுத்தனர். அக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு இங்கு நின்றது. கல்லுக்கோ அத்துணைக் காவல் வாய்த்திலது. கடப்பாரையாற் பெயர்த்துத் தோணிகளில் ஏற்றிக் கரை சேர்த்தனர், காளவாயிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர், தொழிற்சாலைகட்கும் அனுப்பினர். நாம் மதிலெடுத்தற்குக் கடலின் மதிலை இடித்தோம் என்க. பெயர்த்த தொழிலாளர்க்கு அஃது அன்றாடக் கூலி. ஆதலின் பழி அவர்மேல் மட்டும் நிற்பதன்று.

விளைவு யாது? விலாங்குச்சல்லித் தீவு நீருள் மறைந்தது. நகரை அடுத்துள்ள வான் தீவு அலையால் அரிப்புண்டு பெரிதும் சுருங்கியது.

காவலும் மெல்ல வந்தது. 1986இல் இத்தீவுப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் முருகைக்கல், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலட்டவணையில் இடம்பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னரே கல்லெடுத்தல் ஒழிந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி, வான் தீவின் கடற்புறத்தே துளையுடைய கான்கிரீட் கட்டிகளை நிரல்பட இறக்கினர். அலை தணிந்தது; மணல் மீளப் படிந்தது; கட்டிகளின்மேல் முருகையுயிர் பற்றி வளர, மீன்களும் வந்து குடியேறின. உடைந்த முருகைக் கிளைகளைச் சட்டங்களிற் கட்டி நட்டு வளர்த்தலும் நிகழ்ந்து வருகின்றது.

எனினும் முற்றும் மீண்டது என்னலாகாது. 2016இற் கடல்நீர் மிக வெப்பமுற்றபோது முருகைகள் நிறமிழந்து வெளுத்தன, பல மடிந்தன. கிளைத்துப் படர்வன ஆண்டுக்குச் சில அங்குலம் வளரினும், திரண்டு பருப்பன ஒரு விரற்கிடையளவே வளரும். ஒரு நாளிற் பெயர்த்த பாறையை ஈடு செய்ய ஒரு தலைமுறையும் போதாது.

மனிதர் கட்டிய மதில் சரியின் கொற்றர் வந்து எடுப்பர். இம்மதிலுக்குக் கொற்றரும் கல்லும் அவ்வுயிர்களே. நாம் செய்யத்தக்கது, அலையைச் சிறிது தடுத்து நிறுத்தி, அவை தம் பணியைத் தாமே செய்யுமாறு விடுதலே. முத்துக்கு முன்னோர் காட்டிய பொறுமையைக் கல்லுக்கு நாம் காட்டுவோமாக.