கட்டுமரம்: எங்க கடற்கரையில இருந்து அமெரிக்கா போன சொல்லும், எங்க அப்பாவோட கையும்

1) வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற நான் இன்னைக்கு கொஞ்சம் வரலாறு எழுதப் போறேன். கடைசியில மருத்துவமும் வரும். சொல்லப்போனா அதுக்காகத்தான் இவ்வளவு நீளமான இழை. ஞாயித்துக்கிழமைதானே, ஒரு டீயோட பொறுமையா படிங்க.

2) நான் மீஞ்சூர்க்காரி. எங்க அப்பா திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில 31 வருஷம் பேட்டர்ன் மேக்கர். அது என்ன வேலைன்னு நிறைய பேருக்குத் தெரியாது. இரும்புல ஒரு பாகம் வார்க்கணும்னா முதல்ல அதே உருவத்தை மரத்துல செய்யணும். அந்த மர உருவத்தை மணல்ல பதிச்சு எடுத்தா ஒரு பள்ளம் கிடைக்கும். அதுலதான் உருக்கின இரும்பை ஊத்துவாங்க. மரத்துல ஒரு நூல் தப்பினா இரும்புலயும் தப்பும். அப்பா கை தப்பினது கிடையாது.

3) எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது, லீவு நாள்ல சைக்கிள் முன்பார்ல துண்டைச் சுத்தி என்னை உக்கார வச்சு காட்டுப்பள்ளி கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவார். துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலையும் வராத காலம். மணல்ல கட்டுமரங்கள் கிடக்கும். கரையில ஒதுங்கின மரத்துண்டு ஏதாவது பொறுக்கிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து அதை இழைச்சு, மூணு குச்சியா ஆக்கி, நூல்ல கட்டி குளத்துல விடுவோம். எனக்குத் தெரிஞ்ச முதல் "படகு" அதுதான்.

4) அப்போ எனக்கு ஒரு சந்தேகம். பெரிய பெரிய மரத்தை எதுக்கு ஆணி அடிக்காம கயித்தால கட்டுறாங்க? அப்பா பதில் சொல்லலை. "நின்னு பாரு"ன்னார். கரைக்கு வந்த மனுஷங்க கயித்தை அவிழ்த்தாங்க. கட்டு பிரிஞ்சு தனித்தனி மரம் ஆச்சு. ஒவ்வொண்ணா தூக்கி வெயில்ல போட்டாங்க.

இதுதான் கட்டுமரத்தோட ரகசியம். மிதக்குறதுக்கு லேசான மரம் வேணும். ஆனா லேசான மரம் தண்ணியை உறிஞ்சும், உறிஞ்சினா கனக்கும். அதனால தினம் பிரிச்சுக் காயப்போடணும், மறுநாள் திரும்பக் கட்டணும். ஆணி அடிச்சா அது முடியாது. தவிர, அலை மோதும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. உள்ள புகுந்த தண்ணி மரங்களுக்கு நடுவுல வடிஞ்சிடும். மூழ்கடிக்க அதுக்கு "உள்ளே"ன்னு ஒண்ணே கிடையாது.

5) இனி வரலாறு. 1690ல் வில்லியம் டாம்பியர்னு ஒரு ஆங்கிலேய மாலுமி மெட்ராஸ் வந்தார். கொஞ்ச நாள் கடற்கொள்ளையும் செஞ்ச ஆள். 1697ல் லண்டன்ல வெளியான தன்னோட பயணப் புத்தகத்துல இந்தச் சோழமண்டலக் கரையில பார்த்த மிதவையை விவரிக்கிறார். ஒரே ஒரு ஆள் உக்காரும் அளவு, அவன் காலெல்லாம் எப்பவும் தண்ணியிலயே இருக்கும்னு எழுதியிருக்கார். அவர் அதுக்குக் கொடுத்த பேரு "கட்டமரான்". நம்ம கட்டுமரம்தான்.

1834ல் திருகோணமலை கப்பல் தளத்துல வேலை பார்த்த ஜான் எடி, இந்தப் பக்கத்துக் கலங்களை அளந்து எழுதினப்போ, மூணு மரம், 20 முதல் 25 அடி நீளம்னு கணக்குக் கொடுக்கிறார். 140 வருஷத்துல வெள்ளைக்காரங்க கப்பல் எவ்வளவோ மாறியிருந்தது. கட்டுமரம் மாறலை. மாற அவசியம் இல்லை.

6) மெட்ராஸ் 1639ல் உருவானப்போ இங்க துறைமுகமே கிடையாது. கப்பல் கடல்ல தூரமா நங்கூரம் போட்டு நிக்கும். அங்க இருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலா படகு. அதுவும் ஆணி இல்லாம பலகையைத் தென்னைநார்க் கயித்தால தைச்சது. அலை திருப்பித் தள்ளினா துணைக்குக் கூட வர்ற கட்டுமரக்காரங்க தண்ணியில விழுந்தவங்களைத் தூக்குவாங்க. எந்தப் படகும் போக முடியாத நாள்ல கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனதும் அவங்கதான். பின்னிய கூம்புத் தொப்பிக்குள்ள கடிதத்தை வச்சு, நனையாம சேர்ப்பாங்க. கவர்னர் முதல் குமாஸ்தா வரைக்கும் இந்த ஊர்ல கால் வச்சது நம்ம கரைக்காரங்க கையை நம்பித்தான்.

7) நடுவுல ஒரு வாட்ஸ்அப் சமாச்சாரம். "சோழர்கள் கட்டுமரத்துல போய் கடாரத்தை ஜெயிச்சாங்க"ன்னு ஒரு ஃபார்வேர்ட் சுத்துது. ராஜேந்திர சோழன் படை 1025ல் வங்கக் கடலைத் தாண்டினது உண்மை. ஆனா அதுக்குப் பெரிய கலங்கள் வேணும். யானை, குதிரை, அரிசி, குடிதண்ணி எல்லாம் கட்டுமரத்துல ஏறாது. கட்டுமரம் போர்க்கப்பல் இல்ல. சோறு போட்ட கலம். அதுவே போதுமான பெருமை, இல்லையா?

8) இன்னொரு குழப்பம். இன்னைக்கு உலகம் முழுக்க "கட்டமரான்"னு சொன்னா, ரெண்டு உடல் சேர்ந்த பாய்மரப் படகு. அந்த ரெட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவுக்காரங்களோடது, நம்மது இல்ல. பேரு மட்டும் நம்மது. இது எப்படி ஆச்சு?

1876 ஜூன். அமெரிக்கா சுதந்திரம் அடைஞ்ச நூற்றாண்டு விழா. நியூயார்க்ல படகுப் போட்டி. நத்தானியல் ஹெரஷாஃப்னு 28 வயசு இளைஞர் "அமரிலிஸ்"னு ரெட்டை உடல் படகோட வந்தார். எல்லாரையும் பின்னாடி தள்ளிட்டார். தோத்தவங்க புகார் பண்ணி, இது படகே இல்லைன்னு சொல்லித் தகுதி நீக்கம் செய்ய வச்சாங்க! அடுத்த வருஷம் அவர் அதுக்கு காப்புரிமை வாங்கினார். அந்த மாதிரிப் படகுக்கு "கட்டமரான்"ங்கிற பேரு ஒட்டிக்கிச்சு.

9) ஆனா நான் சொல்ல வந்தது நத்தானியலைப் பத்தி இல்ல. அவரோட அண்ணன் ஜானைப் பத்தி.

ஜான் 7 வயசு மூத்தவர். சின்ன வயசுலயே படகு கட்டுறதுல பைத்தியம். 15 வயசு வாக்குல ரெண்டு கண்ணும் முழுசா போயிடுச்சு. அந்தக் குடும்பம் என்ன செஞ்சது தெரியுமா? அவரை மூலையில உக்கார வைக்கலை. அப்பாவும் தம்பியும் கூட நின்னாங்க. "ஸ்பிரைட்"னு ஒரு படகு கட்டினாங்க. கணக்கு, அளவு எல்லாம் பார்த்துக் கொடுத்தது பத்துப் பதினொரு வயசுத் தம்பி நத்தானியல்.

10) அந்தக் காலத்துல படகு வடிவமைக்க முதல்ல மரத்துல ஒரு சின்ன மாதிரி செதுக்குவாங்க. படகை நெடுக்கா ரெண்டா பிளந்தா வர்ற ஒரு பாதி. நத்தானியல் செதுக்கி அண்ணன் கையில கொடுப்பார். ஜான் விரலால தடவிப் பார்த்து, எங்க வளைவு சரியில்லைன்னு சொல்லிடுவார். 1878ல் ரெண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சாங்க. தம்பி வரைவார், அண்ணன் கம்பெனியை நடத்துவார். 1893ல் இருந்து 1920 வரைக்கும் அமெரிக்கா கோப்பையைத் தக்க வச்ச படகுகள் நத்தானியல் வடிவமைச்சதுதான்.

11) இதை நான் ஏன் படிச்சேன்னு சொல்றேன். எழுதக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா உளியால விரலை வெட்டிக்கிட்டார். 31 வருஷத்துல ஒரு தடவை கூட நடக்காதது. நானே ரெண்டு தையல் போட்டேன், டி.டி. ஊசி போட்டேன். "வயசாயிடுச்சு, கவனமா இருப்பா"ன்னேன். அப்புறம் கதவு நிலையில தோள் இடிச்சிக்கிட்டார். பக்கத்துல வச்ச டம்ளரைத் தட்டி விட்டார். "ஏன்ப்பா இவ்ளோ அவசரம்"னு கோவிச்சுக்கிட்டேன்.

தினம் 80 பேஷண்ட் பார்க்குறேன். என் வீட்டுல ஒருத்தர் பக்கவாட்டுப் பார்வையை இழந்துட்டு இருக்கார்னு எனக்குத் தோணலை.

12) கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ தாமதம் ஆயிடுச்சு. கிளாக்கோமா. ரெண்டு கண்ணும். நடுவுல மட்டும் கொஞ்சம் பார்வை, குழாய் வழியா பார்க்குற மாதிரி. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, என் பாட்டி கடைசி வருஷங்கள்ல தடவித் தடவித்தான் நடப்பாங்க. "வயசு"ன்னுதான் அப்பவும் சொன்னோம்.

அப்பா என்னைத் திட்டலை. வீட்டுக்கு வந்து இழைப்புளி, உளி, வாச்சி எல்லாத்தையும் எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி பரண்ல ஏத்தச் சொல்லிட்டார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

13) ஜான் ஹெரஷாஃப் கதையைப் படிச்சது அதுக்கப்புறம்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட சொன்னேன். ஆறுதல் மாதிரி இருக்கக் கூடாதுன்னு சும்மா கதை மாதிரி சொன்னேன். அமைதியா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்த அண்ணங்காரன் எந்த விரலால பார்ப்பான்?"

எனக்குத் தெரியலை. "உள்ளங்கையால பாத்திருப்பான். மேடு பள்ளம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். விரல் நுனி சொரசொரப்புக்கு"ன்னார். மறுநாள் காலையில சாக்கு கீழ இறங்கிடுச்சு.

14) ரெண்டு அடி நீளத்துல ஒரு கட்டுமரம் செய்யறதுன்னு முடிவு பண்ணோம். மரக்கடையில மலைவேம்பு வாங்கினோம். கூரான எல்லாம் என் கையில, உப்புத்தாள் அப்பா கையில. நான் இழைச்சுக் கொடுப்பேன், அவர் தடவுவார். "இங்க ஒரு மேடு கீது பாரும்மா." எனக்கு ஒண்ணும் தெரியாது. டார்ச் அடிச்சுச் சாய்வா பார்த்தா நிழல் விழும். ஆமா, மேடு இருக்கும். முழுக் கண்ணு இருக்குற டாக்டருக்குத் தெரியாதது அவர் உள்ளங்கைக்குத் தெரிஞ்சது.

மூணு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும்தானே.

15) கட்டு எப்படிப் போடுறதுன்னு தெரிஞ்சுக்க பழவேற்காடு போனோம். இப்போ சைக்கிள் இல்ல, என் ஸ்கூட்டர். முன்னாடி நான், பின்னாடி அப்பா, நடுவுல கட்டுமரம்.

கரையெல்லாம் ஃபைபர் படகு. இஞ்சின் படகு ஏற்கெனவே வந்துட்டு இருந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா நிறைய ஃபைபர் படகு கொடுத்தாங்க, கட்டுமரம் வேகமா குறைஞ்சது. மீனவர்களுக்கு அதுல லாபம் உண்டு. சீக்கிரம் போகலாம், உடம்பு நனையாது, தினம் மரம் தூக்க வேண்டாம். முதுகுவலின்னு வர்ற பெரியவங்களைப் பார்க்குற டாக்டரா நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

16) ஆனா இன்னொரு காரணமும் உண்டு. கட்டுமரத்துக்கு மணல் வேணும், இழுத்துப் போட, பிரிச்சுக் காயவைக்க. 1875ல் மெட்ராஸ் துறைமுக வேலை ஆரம்பிச்சது. 1881 புயல்ல அலைதடுப்புச் சுவர் உடைஞ்சு திரும்பக் கட்டினாங்க. தெற்கே இருந்து வடக்கே நகர்ற மணலை அந்தச் சுவர் நிறுத்திடுச்சு. தெற்கே தேங்கின மணல்ல மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கரையைக் கடல் தின்னுது. வீடு காப்பாத்தக் கருங்கல் கொட்டினாங்க. கருங்கல் மேல கட்டுமரத்தை இழுக்க முடியாது. மெரினாவுல சுண்டல் சாப்பிடும்போது, அந்த மணல்ல கொஞ்சம் வடசென்னைக்கு வந்திருக்க வேண்டியதுன்னு நினைச்சுக்கோங்க.

17) பழவேற்காட்டுல ஒரு பெரியவர் எங்க பொம்மைக் கட்டுமரத்தைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க, ஆனா கட்டு தப்பு"ன்னார். பிரிச்சுட்டு அப்பா கையைப் பிடிச்சே சொல்லிக் கொடுத்தார். அப்பா தயங்கினார், "எனக்குக் கண்ணு சரியா தெரியாதுங்க"ன்னார். பெரியவர் சிரிச்சுட்டார். "ராத்திரி மூணு மணிக்குக் கட்டுவோம் அண்ணா. எங்களுக்கு மட்டும் கண்ணா தெரிஞ்சுது?"

அப்பா நாலாவது தடவை சரியா கட்டினார். ஏரித் தண்ணியில விட்டோம். சாயாம நின்னுச்சு. எனக்கு நல்லா தெரிஞ்சுது. அவருக்குத் தெரிஞ்சுதான்னு தெரியலை, "மெதக்குதா?"ன்னு கேட்டார். "மெதக்குதுப்பா"ன்னேன்.

18) இப்போ மருத்துவம். தயவுசெஞ்சு இதை மட்டுமாவது படிங்க.

கிளாக்கோமால பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதல்ல போகும். விட்டுப்போன இடத்தை மூளை நிரப்பிக்கும், அதனால உங்களுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்குறதைச் சொட்டு மருந்தால காப்பாத்தலாம். நம்ம சென்னையிலயும் சுத்துப்பட்டு கிராமங்கள்லயும் நடந்த கிளாக்கோமா ஆய்வுல, நோய் இருந்தவங்கள்ல 10ல் 9 பேருக்கு மேல அது இருக்குறதே தெரியாம இருந்தாங்க.

✅ 40 வயசு ஆச்சா? கண்ணாடி பவர் மட்டும் பார்க்காதீங்க. கண் அழுத்தமும், கண்ணுக்குப் பின்னாடி இருக்குற நரம்பும் பார்க்கச் சொல்லுங்க. அழுத்தம் நார்மலா இருந்தும் இந்த நோய் வரலாம்.
✅ அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி யாருக்காவது இருந்தா உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். சுகர் இருக்குறவங்களும் கட்டாயம் பாருங்க.
✅ ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மெடிக்கல்ல கேட்டு வாங்கி நீங்களா மாசக்கணக்குல போடாதீங்க.
✅ வீட்டுப் பெரியவங்க அடிக்கடி இடிச்சுக்கிட்டா, படியில தடுமாறினா, "வயசு"ன்னு சொல்லி முடிச்சுடாதீங்க. நான் சொன்னேன்.

19) நானும் செக் பண்ணிக்கிட்டேன். இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, வருஷா வருஷம் பார்க்கணும். அப்பாவுக்கு ராத்திரி சொட்டு மருந்து நான்தான் போடுறேன். அடுத்து மசூலா படகு செய்யப் போறாராம். பலகையைத் தைக்கணும். "ஊசி நூல் கோத்துக் குடு, மத்ததை நான் பாத்துக்குறேன்"ங்கிறார்.

உங்க அப்பா அம்மாவுக்குக் கண் பரிசோதனை எப்போ பண்ணீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பண்ணலைன்னா, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

மீஞ்சூர்ல இருந்து, உங்கள் பொதுநல மருத்துவர்.